ஆடி கழியக் காத்திருந்த விண்ணப்பம்

1988 ஜூலை: மலேசியக் குடிமகளான என் மனைவியின் தங்கும் அனுமதி காலாவதியானது.
ஆகஸ்ட் இறுதி: புதுப்பிக்க விண்ணப்பித்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்த்து, ஆடி கழிந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று இராஜபாளையத்தில் காத்திருந்ததே பிழை.

"கெடு தாண்டிருச்சே சார். அம்மாவை நாட்டைவிட்டு அனுப்பச் சொல்லி உத்தரவு வரலாம்" என்றார் வெளிநாட்டவர் பதிவைக் கவனித்த காவல்துறை அதிகாரி.

"இவியளுக்கு வெந்நி போடக்கூடத் தெரியாது. என்னை அனுப்பிட்டா, நீங்க வந்து பொங்கிப் போடுவியளா?" என்றாள் அவள், என்னைக் காட்டி.

அவர் சிரித்துவிட்டார். தாமதத்திற்கான காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தார், அனுமதி கிடைத்தது.

அதன்பின் நாள் பாராமல், கெடுவுக்கு முந்தைய மாதமே விண்ணப்பித்தோம். சென்ற மாதம் அவள் காலமானாள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குடும்பங்களிடம் கெடுவுக்கு முன்பே விண்ணப்பிக்கும்படி இப்போது வலியுறுத்துகிறேன்.

நான் இன்னும் செய்யாதவை:
காவல் அலுவலகத்தில் இறப்பைத் தெரிவித்தல்.
கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தல்.
மலேசியாவிலுள்ள அவளுடைய அண்ணனுக்குச் சொல்லுதல்.