கொதிக்க வெச்சுக் குடிங்க

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறுதான். அதைப் பார்த்துக்கொள்பவர் கண்டக்டரம்மா. பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்தில், கடைசி சீட்டில் அசந்து தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் குரல் அவருக்கு. முழங்கால் மக்கர் பண்ணி அந்த வேலையை விட்டதும் எங்கள் மோட்டார் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். மாதாமாதம் குழாய் முனையை நெருப்பில் காட்டி, ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார். பாட்டில் மூடியின் உள்பக்கம் யாராவது விரல் வைத்தால் ஒரு பார்வை பார்ப்பார். நம் கை நமக்கே அழுக்காகத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. பரிசோதனை செய்யும் பெண்ணுக்கு அன்று விடுமுறை. மனசு கேட்காமல் வந்து பார்த்திருக்கிறாள். சாக்கடைக் கிருமி எங்கள் தண்ணீரில் இருந்தது. முறைப்படி அறிக்கை வர நாளாகும், அதுவரை யாரையும் அப்படியே குடிக்க விடாதீர்கள் என்றாள்.

கண்டக்டரம்மா நேராகச் சங்கச் செயலாளரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் தயங்குவார். இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கலாம், ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று இழுத்தார்.

"சார், உங்க வீட்டுக்கும் இதே தண்ணிதான் வருது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி புற்றுநோய் சிகிச்சை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். சின்னத் தொற்றுகூட ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி அமைதியாகச் சொன்னார்:

"நான் வந்த நாள்லேர்ந்து கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறேன். கண்டக்டரம்மா அன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க. நீங்க சமையக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாத்தானே தெரியும்."

செயலாளர் போனை வைத்தார். நேராகப் போய் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் கண்டக்டரம்மா. தெருத்தெருவாகப் போனார்கள். "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க! பல் தேய்க்கவும் அதேதான்!" அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? ஒருவர் மாடியிலிருந்து, அடுத்த ஸ்டாப் எது என்று கேட்டாராம். காது கேளாத பெரியவர் வீட்டில் மட்டும் இறங்கி, சைகையில் அடுப்பையும் குழாயையும் காட்டிப் புரியவைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

கிணற்றைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. மோட்டார் வயர் மாற்றியபோது, மூடியில் வயர் நுழையும் ஓட்டை சரியாக அடைபடவில்லை. தேங்கிய மழைநீர் அது வழியாக இறங்கியிருந்தது. வயர் மாற்றிய எலக்ட்ரீஷியன் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். என் வேலைதான், நானே சரிபண்ணுகிறேன் என்று தலைகுனிந்து நின்றார். கண்டக்டரம்மா அவருக்கு முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஓட்டையை அடைத்தார்கள். கிணற்றைச் சுற்றி மேடு கட்டினார்கள். குளோரின் ஊற்றி ஊறவிட்டு, அந்த வாடை போகும்வரை தண்ணீரை வெளியேற்றினார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில் நாங்கள் முணுமுணுத்தது உண்மை. ஆனால் ஒரு வீட்டிலும் யாரும் நோயில் படுக்கவில்லை. அடுத்தடுத்து அனுப்பிய மாதிரிகள் இரண்டும் சுத்தமாக வந்தன.

சேதி வந்த அன்று சாயங்காலம் செயலாளரின் மனைவி மோட்டார் அறைக்கு வந்தார். வீடு திரும்பிய பின் அவர் வாசல் தாண்டியது அன்றுதான். தலையில் துணி கட்டியிருந்தார். கண்டக்டரம்மா அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வந்தவர் உட்காராமல் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க? லீவு நாள்ல வந்து பார்த்துச்சே அந்தப் பொண்ணு, அதுக்குச் சொல்லுங்க" என்று கண்டக்டரம்மா போனைப் போட்டு அவரிடம் நீட்டினார்.

மறுமுனையில் அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் தாங்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், அடுத்த மாதப் பாட்டிலைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள், ஐஸ் உருகிவிடப் போகிறது என்றாளாம்.

இரண்டு பேரும் சிரித்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.