மயில் கழுத்து நிறத்தில் ஒரு கூடம்

செக்காலையில் நாங்கள் கட்டிய வீட்டில் எல்லாச் சுவரும் வெள்ளை. "வெள்ளைன்னா அழுக்கு உடனே தெரியும், தொடச்சுக்கலாம்" என்று என் கணவர் சவுதியிலிருந்து போனில் சொல்லியிருந்தார். அழுக்காக்கத்தான் ஆளில்லை. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபின் நான் ஒருத்திதான். ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தால் அன்றைய வேலை முடிந்துவிடும்.

பெருநாளுக்கு லீவில் வருவதாக அவர் சொன்னதும், கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசை வந்தது. கடையில் கலர் அட்டையைப் புரட்டும்போது, நீலமும் பச்சையும் கலந்த ஒன்றின் மேல் விரல் நின்றது. சேலைக் கடையில் மயில் கழுத்து என்பார்களே, அது. காரணம் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்தது போல இருந்தது.

"வீட்ல கேட்டுட்டீகளாம்மா? கலந்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர்.

"வீட்ல நான்தாண்ணே இருக்கேன்" என்றேன்.

பெயிண்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஏணியில் நின்றபடி ஊர்க்கதை பேசினார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். வீட்டுக்குள் ஆண் குரல் கேட்டு நாளாகியிருந்தது. கூடம் முடிந்து அவர்கள் பிரஷ்ஷைக் கழுவத் தொடங்கியதும், "படுக்கிற ரூமும் அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவும் முடிந்தது. அவர்கள் போனபின் பெயிண்ட் வாடை மட்டும் இருந்தது.

அன்று மாலை வீடியோவில் அவரை அழைத்துச் சுவரைக் காட்டினேன்.

"நீலமா அடிச்சிருக்க?"

"நீலமில்ல மச்சான், மயில் கழுத்து. நேர்ல வந்து பாருங்க, பச்சை தெரியும்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "லீவு இல்லேன்ட்டாங்க. இன்னும் ஆறேழு மாசமாகும் போல" என்றார்.

நான் போனை என் பக்கம் திருப்பவில்லை. மீதியை அவர் சுவரிடமே சொல்லி முடித்தார்.

பெருநாளைக்கு மகளாலும் வர முடியவில்லை. இருந்தும் பிரியாணி ஆக்கினேன். அக்கம்பக்கத்தார் வாசலோடு வாங்கிக்கொண்டு, "கல்லலுக்குப் போகணும், வண்டி நிக்குது", "வீட்ல விருந்தாளி" என்று ஓடினார்கள். உள்ளே வந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. நான் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் வெயில் நகர நகரச் சுவர் பச்சையாகி, நீலமாகி, பின் இருண்டது. சொல்லிக் காட்டத்தான் யாரும் இல்லை. ஆனாலும் அழகாக இருந்தது.

மழைக்காலத்தில் அவர் வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார். "வேற யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்தது வெள்ளைச் சுவர் மட்டும்தான்.

மக்ரிப் தொழுகை நேரத்தில் கூடம் இருட்டியது. பெயிண்ட் வேலையோடு சுவிட்சுப் பலகையையும் இடம் மாற்றியிருந்தேன். அவர் பழைய இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்குட்டு இல்ல, இங்குட்டு" என்று எழுந்து போய், நானே லைட்டைப் போட்டேன்.