குப்பைக்கும் கத்துகிற மெஷின்

நேசமணி ரொம்மன் புல்வெளியில் போத்தல் பொறுக்குகிறாள் என்று ஒஸ்லோ முழுக்கக் கதை பரப்பியவர்களே, கொஞ்சம் இருங்கள். உங்களோடுதான் கதைக்கப் போகிறேன். தமிழ்க் கடையில் கத்தரிக்காயை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டே அவளைப் பற்றிச் சொன்னவர்கள், அதைக் கேட்டு "அப்பிடியோ?" என்று கண்ணை விரித்தவர்கள், எல்லோரும்தான். சங்கத் தலைவர் குலசேகரம் அண்ணை, நீங்கள் முன்வரிசையில் வந்து இருங்கள்.

நான் மேரின். நேசமணியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடங்களாகத் துப்புரவு வேலை செய்தவர்கள். அவள் சைவம், நான் வேதக்காரி. அவளுக்குத் தோள்மூட்டு தேய்ந்துபோய் வேலையை விட்டாள். எனக்கு வாய் இன்னும் தேயவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பொறுக்கியது போத்தல் இல்லை. தேடியது தன்னுடைய பவுண் காசை.

அந்தக் காசின் கதை தெரியுமா உங்களுக்கு? அவளும் சபாரத்தினமும் அகதியாக வந்த புதிதில், நண்பர் ஒருவரின் வாடகை அறையில், மஞ்சள் கயிற்றில்தான் கல்யாணம் நடந்தது. பவுண் கொடிக்கெல்லாம் அப்போது எங்கே போவது? பிறகு வருடக்கணக்காக நிலம் துடைத்து, மற்றவர்கள் லீவு எடுத்த நாட்களிலும் அவர்களின் வேலையைத் தான் செய்து, அவளாகவே ஒரு தாலிக்கொடி செய்வித்தாள். தாலிக்கு இரண்டு பக்கமும் ராசாவின் தலை பதித்த ஒவ்வொரு பவுண் காசு. "தாலி அவர் கட்டினது. கொடியும் காசும் என்ரை முதுகு" என்று எல்லோருக்கும் சொல்லுவாள். சபாரத்தினமும் மறுக்க மாட்டார், சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்.

போன கோடையில் கோயில் தேர் முடிந்த கையோடு சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு எல்லோரும் ரொம்மன் புல்வெளிக்குப் போனோம். பெண்களுக்குக் கயிறிழுத்தல் போட்டி. காலையில் மழை பெய்து நிலம் சேறாகக் கிடந்தது. நேசமணி சீலையை வரிந்து கட்டிக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றாள். சபாரத்தினத்தின் அக்கா வசந்தமலர் கரையில் நின்று கத்தினார்.

"நேசம், கொடியைக் கழட்டி என்னட்டைத் தாரும்!"

"கழட்டினால் அங்காலை நிக்கிறவையின்ரை பாரம் குறையுமோ மச்சாள்?" என்று இவள் சிரித்துக்கொண்டே கயிற்றை இடுப்பில் சுற்றினாள்.

வென்றோம். நானும் அந்தக் கோஷ்டிதான், கை இரண்டும் உரிந்து போனது. எல்லோருமாகச் சேற்றில் விழுந்து எழும்பியபோது அவளுடைய கொடியில் ஒரு காசுதான் இருந்தது. மற்றக் காசைப் பிடித்திருந்த சின்ன வளையம் அறுந்துபோயிருந்தது. அத்தனை பேரும் குனிந்து தேடினோம். அத்தனை பேரின் காலும் அதை இன்னும் கீழே மிதித்திருக்கும்.

ஒரு காசு துலைந்தது என்றால் மனம் வருந்தும், பிறகு ஆறும். ஆனால் சபாரத்தினத்துக்கு இருதயத்தில் அடைப்பு. செப்டெம்பரில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். வசந்தமலர் அன்று பின்னேரமே போன் எடுத்தார். "தாலியிலை இருந்த காசு விழுந்திருக்கு. தம்பியை இப்ப வெட்டக் குடுக்கிறதோ? எனக்கெண்டால் மனம் ஏவேல்லை" என்று ஒரே அழுகை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. சபாரத்தினம் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார்.

அடுத்த நாள் மனுஷன் சொல்கிறார், ஒப்பரேஷனைத் தள்ளிப் போடலாமாம். காசு கிடைத்த பிறகு பார்க்கலாமாம். தள்ளவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு வசந்தமலரை அந்தக் கயிற்றாலேயே கட்டி வைத்திருப்பேன்.

"விழுந்தது ஒரு காசு. அதுக்கும் உங்கடை நெஞ்சுக்கும் என்ன தொடுசல்?" என்று நேசமணி கத்தினாள்.

"எனக்கும் தெரியும், இஞ்சரும். எண்டாலும் பயமாக் கிடக்கு" என்றார் அவர். அவ்வளவுதான். அவள் கைப்பையை எடுத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு லில்லெஸ்ட்ரோமுக்கு ரயில் ஏறினாள்.

அங்கே உலோகம் தேடும் மெஷின்கள் விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், அவருடைய காற்சட்டை முழங்காலில் மண் காய்ந்திருந்தது. முதலில் பெரிய மெஷின் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நிலத்தைத் தடவும் அதன் வட்டத் தட்டு சாப்பாட்டுக் கோப்பையைவிடப் பெரிது. ஆழமாகப் பார்க்குமாம், உழுத வயலுக்கு எல்லோரும் வாங்குவது அதைத்தானாம். நேசமணி இரண்டு தரம் வீசிப் பார்த்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டாள்.

தனக்கு வயல் இல்லை, குப்பை நிலம் என்று அவள் நோர்வே மொழியில் விளங்கப்படுத்தினாள். வருடா வருடம் சனம் கூடி இறைச்சி வாட்டுகிற இடம். ஆணி, சோடா மூடி, அலுமினியத் தாள், டின் வளையம் எல்லாம் கிடக்கிற இடம். அவர் உடனே பெரியதைத் திரும்ப மாட்டினார். பெரிய தட்டுக்குக் கீழே ஆணியும் காசும் ஒன்றாக வந்தால் இரண்டும் கலந்து ஒரு சத்தம்தான் வருமாம், ஆணி காசை மறைத்துவிடுமாம். சின்னத் தட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுமாம். ஆழம் குறைவுதான், ஆனால் இந்தக் கோடையில் விழுந்த காசு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கப் போகிறது என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? குப்பைக்கு வாயே திறக்காத மெஷின் இல்லையா என்று கேட்டேன். இருந்தது. எந்தெந்தக் குப்பைக்கு வாயை மூட வேண்டும் என்று திரையில் அமத்தி வைக்கலாம். எனக்கு நல்ல சந்தோஷம். "உதையே வாங்கடி, முதுகு தப்பும்" என்றேன்.

நேசமணி கைப்பையைத் திறந்து ஒரு கைலேஞ்சியை எடுத்தாள். அதற்குள் மற்றக் காசு. அதுவும் விழுந்துவிடுமோ என்று கழற்றி வைத்திருந்தாள். இதைப் பிடித்துக் காட்டுங்கள் என்று கடைக்காரரிடம் நீட்டினாள். மெஷின் கத்தியது, திரையில் ஒரு எண் வந்தது. அவர் மேசையில் இருந்த ஒரு போத்தலுக்குள் கையை விட்டு, அந்தக் காலத்து பியர் டின்னை இழுத்துத் திறக்கிற அலுமினிய வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே சத்தம். அதே எண். பிறகு திரையை அமத்தி அந்த வளையத்துக்கு மெஷினின் வாயை மூடினார். வளையத்தைக் காட்டினார், சத்தம் இல்லை. காசைக் காட்டினார். அதற்கும் சத்தம் இல்லை.

மனுஷன் நேர்மையானவர். இது மெஷினின் பிழை இல்லை, எந்த மெஷினை வாங்கினாலும் இதுதான் கதை என்றார். இந்த வளையத்தை வேண்டாம் என்றால் அந்தக் காசையும் வேண்டாம் என்று சொன்னது மாதிரித்தான்.

"என்ரை காசைக் கண்டிட்டும் பேசாமல் இருக்கிற மெஷின் எனக்கென்னத்துக்கு?" என்று நேசமணி என்னைப் பார்த்து முறைத்தாள், நான்தான் அதைச் செய்தவள் மாதிரி.

பாரமில்லாத ஒன்றை எடுத்தாள். சின்னத் தட்டு. ஆணிக்குத் தாழ்ந்த குரல், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல். அப்படியென்றால் எல்லாவற்றையும் தோண்ட வேண்டி வரும் என்று கடைக்காரர் எச்சரித்தார். அவள் அவருக்கு நோர்வே மொழியில் சொன்ன பதிலைத் தமிழில் எனக்கும் ஒரு தரம் சொன்னாள்: "தோண்டுறன். இவ்வளவு காலமும் மற்றவையின்ரை குப்பையை அள்ளினனான். இது என்ரை குப்பை."

அவர் சிரித்துவிட்டு அந்த டின் வளையத்தை அவளுக்கே கொடுத்தார். பவுணைக் கொண்டு திரிய வேண்டாம், காலையில் இதைக் காட்டிச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு தேடுங்கள் என்றார். அவள் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் முறையாக அனுமதி கேட்டு எடுத்தாள். தோண்டின குழியைப் புல்லோடு மூட வேண்டும், மிகப் பழைய காலத்துக் காசு ஏதும் வந்தால் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. "அவையின்ரை காசு வந்தால் குடுப்பன். என்ரை காசை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்" என்றாள்.

பிறகு பாருங்கள் கூத்தை. கிண்டுகிற கை தட்டுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் அவளுடைய காப்புகளுக்கு மெஷின் கத்தியது. கழற்றி என்னிடம் தந்துவிட்டு வெறுங்கையோடு தோண்டினாள். அந்த நேரம் பார்த்து வசந்தமலர் பஸ்ஸால் இறங்கி வந்தார். கையைக் கண்டதும் நடுப் புல்வெளியில் நின்று, "ஐயோ, புருஷன் இருக்கேக்கையே கையை மூளியாக்கிப் போட்டாளே!" என்று கத்தினார். நாயோடு நடந்த ஒரு நோர்வேக்காரர் அம்புலன்ஸ் கூப்பிடவா என்று என்னிடம் கேட்டார்.

"மெஷின் கத்துது மச்சாள், கழட்டினனான். நீங்களும் கத்தினால் நான் எதைக் கேக்கிறது?" என்றாள் நேசமணி, நிமிரவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் குலசேகரம் அண்ணை, நீங்கள் காரை நிறுத்தி இறங்கினீர்கள். நினைவிருக்கிறதா? "கஷ்டமெண்டால் சங்கத்திட்டைக் கேட்டிருக்கலாமே நேசமணி. இப்பிடிப் போத்தல் பொறுக்கினால் எங்கள் எல்லாருக்கும் வெக்கமெல்லோ" என்று சொன்னீர்கள். அவள் நிமிர்ந்தாள். தோண்டி எடுத்ததைப் போடுகிற பையைத் தூக்கி உங்கள் சப்பாத்துக்கு முன்னால் கவிழ்த்தாள். அலுமினியத் தட்டு, சோடா மூடி, இறைச்சி குத்துகிற கம்பி, டின் வளையம்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. போத்தல் ஒண்டும் இல்லை. முக்கால்வாசி சங்கத்தின்ரை சாமான்."

நீங்கள் காரில் ஏறிப் போனீர்கள். போனவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

இவ்வளவு தோண்டியும் காசு வரவில்லை. ஒப்பரேஷன் நாள் வந்துவிட்டது. காலையில் அவர்களை ஏற்றிப் போக நான் காரோடு போனேன். சபாரத்தினம் குசினிக் கதிரையில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு இருந்தார். மற்றச் சப்பாத்து கையில் இருந்தது.

"நான் வரேல்லை" என்றார். "ஒரு மாதம் தள்ளித் தரச் சொல்லிக் கேப்பம். அதுக்குள்ளை கிடைச்சிடும்."

நேசமணி அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது தாலிக்கொடியைச் சுவெட்டருக்கு மேலாகப் போட்டிருந்தாள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. தாலிக்கு ஒரு பக்கம் பவுண் காசு. மற்றப் பக்கம் மஞ்சள் நூலால் கட்டின டின் வளையம்.

"என்ன உது?" என்றார் அவர்.

"காசு."

"உது டின் வளையம்!"

"மெஷினிட்டைக் கேளுங்கோ." மூலையில் நின்ற மெஷினை எடுத்து இயக்கினாள். தட்டைக் காசுக்குக் கிட்டப் பிடித்தாள், கத்தியது. வளையத்துக்குக் கிட்டப் பிடித்தாள், அதே மாதிரிக் கத்தியது. "எங்கை, வித்தியாசம் சொல்லுங்கோ பாப்பம். மஞ்சள் கயித்திலை கட்டேக்கை ஒரு காசும் இல்லை. அப்ப நீங்கள் செத்தா போனியள்?"

அவர் கையை நீட்டி அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். "அக்கா கண்டால்..." என்று இழுத்தார்.

"காணட்டும். பயமெண்டால் பயந்து பயந்து வாங்கோ. ஆனால் சப்பாத்தைப் போடுங்கோ."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்போடு அழுகையும் வந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது மற்றச் சப்பாத்தும் காலில் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வசந்தமலர் காத்துக்கொண்டு நின்றார். கொடியைக் கண்டு, "என்ன கோதாரியடி இது?" என்று நெஞ்சில் கையை வைத்தார்.

"தாலி நிறைஞ்சு கிடக்கு மச்சாள். உங்கடை தம்பி சிரிச்சுக்கொண்டு உள்ளை போகட்டும். அழுறதெண்டால் அங்காலை போய் அழுங்கோ."

உண்மையாகவே சபாரத்தினம் சிரித்துக்கொண்டுதான் போனார். கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது தாதியிடம் நேசமணியின் கொடியில் இருந்த அந்த வளையத்தைக் காட்டி ஏதோ சொன்னார், அவளும் சிரித்தாள். கதவு மூடிய பிறகு நேசமணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். கயிறிழுத்த அன்றுகூட அவள் அப்படி இறுக்கிப் பிடிக்கவில்லை. பின்னேரம் டாக்டர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லும்வரை அந்தக் கையை விடவில்லை.

ஒக்டோபரில் இலை கொட்டிக் குளிர் ஏறத் தொடங்கியது. நிலம் உறைவதற்குள் மிச்ச மூலையையும் பார்த்துவிடலாம் என்று போனோம். சபாரத்தினமும் வந்தார். மடக்குக் கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து, உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் கத்தியது. நேசமணி முழங்காலில் இருந்து புல்லை வெட்டித் தூக்கினாள். இன்னொரு டின் வளையம் என்று நினைத்து நான் பையை விரித்துப் பிடித்தேன்.

அவள் கையில் மண் உருண்டை ஒன்று. பெருவிரலால் தேய்த்தாள். ராசாவின் தலை தெரிந்தது.

"எடியே, இவ்வளவு நாளும் இஞ்சையே கிடந்தனி?" என்று காசைப் பார்த்துக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். சபாரத்தினம் கதிரையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்.

நான் கையை நீட்டினேன். "கொண்டா இஞ்சை, கொடியிலை கட்டிவிடுறன்."

அவள் சுவெட்டருக்குள் கையை விட்டுக் கொடியை வெளியே எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் நூல் அழுக்குப் பட்டிருந்தது. டின் வளையம் அப்படியே இருந்தது.

"இடமில்லையடி" என்றாள். "அங்கை ஆள் இருக்கு."

காசை மெஷினுக்குக் காட்டினாள், அது கத்தியது. பிறகு முன்பு டின் வளையம் கிடந்த காற்சட்டைப் பைக்குள் அதைப் போட்டாள்.