கஞ்சி போட்ட குல்லா

இருபத்தொன்பது வயதில் எனக்கு முன்மண்டை முழுக்க வழுக்கையாகிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. பஞ்சுத் தூசிதான் முடியைத் தின்றுவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே தூசியில் என்னோடு நின்றவர்களுக்குக் கருகருவென்று முடி இருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை. பெண் வீட்டாருக்கு அது கிடையாது. இரண்டு சம்பந்தம் என் தலையைப் பார்த்ததோடு நின்றுபோனது. செட்டியார்பட்டியில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "மாப்பிள்ளைக்கு வயசக் குறைச்சுச் சொல்லுதியளோ?"

அந்த ஆத்திரத்தில்தான் தொப்பி வாங்கினேன். ஊட்டிக்கு டூர் போன மில் நண்பனிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னது. சாம்பல் நிறக் கம்பளி, எட்டுத் துண்டு சேர்த்துத் தைத்து உச்சியில் ஒரு பொத்தான். முன்னால் அட்டை வைத்துத் தைத்த சின்ன நாக்கு. எங்கள் ஊர் நாயே நிழல் தேடி ஓடுகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அலைந்தேன். சாயங்காலமானால் பழைய டூத்பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டி எடுப்பேன். ஆணியில் மாட்டினால் உச்சி கூம்பிவிடும் என்று, கவிழ்த்த சொம்பின் மேல் வைப்பேன். பாதித் தூக்கத்தில் எழுந்து அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த நாளும் உண்டு.

அதைக் கழற்றியே ஆக வேண்டிய ஒரே இடம் எங்கள் வேதக்கோயில். எங்கள் சபையில் ஆண்கள் தலையில் எதுவும் இருக்கக் கூடாது, பெண்கள் முக்காடு போட வேண்டும். அதனால் ஆராதனைக்குப் பிந்திப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே நழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சம்பந்தம் ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்கள் சபை உபதேசியார்தான் பேசினார். பெண் டீச்சர். நான் கொடுத்தனுப்பிய போட்டோவில் தொப்பி இருந்தது, வழுக்கை இல்லை. இதுவும் கைவிட்டுப் போனால் இனிமேல் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், தொப்பி தொங்கிப்போய்க் கிடக்கிறதே என்று அக்கா அதைச் சோறு வடித்த கஞ்சியில் முக்கிக் காயப்போட்டுவிட்டாள்.

"வேட்டிக்குப் போடுத கஞ்சிதானலே. பாரு, எம்புட்டு வெறப்பா நிக்குது!"

நின்றது. இரும்புச்சட்டி மாதிரி நின்றது. அக்காவைத் திட்ட வாய் வரவில்லை. அவள் எனக்காகத்தான் செய்தாள்.

பஸ்ஸில் வியர்க்க வியர்க்கக் கஞ்சி இளகி நெற்றியில் கொழகொழத்தது. பெண் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். அங்கே அது மறுபடி காய்ந்தது. எப்போது எழுந்து போகலாம் என்று என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் பேச ஆரம்பிப்போம்" என்றார் உபதேசியார்.

ஜெபம் என்றால் வீட்டிலும் ஆண்கள் தலையில் எதுவும் இருக்கக் கூடாது; பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பெண்கள் சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடுவார்கள், அப்போது கழற்றி, ஆமென் சொல்வதற்குள் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கண்கள் மூடின. இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். 'பர்ர்' என்ற சத்தத்தோடு பிய்ந்து வந்தது. உபதேசியார் ஒரு கணம் நின்று, தொண்டையைச் செருமி, ஜெபத்தைத் தொடர்ந்தார்.

நிமிர்ந்தேன். முக்காட்டுக்குள் அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. என் வழுக்கையையும் அதில் ஒட்டியிருந்த கஞ்சிப் பொருக்கையும் பார்த்துக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆமென். அதற்குமேல் அதை எப்படி மாட்டுவது?

பெண்ணின் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளை நமக்கே குல்லா போடப் பாத்திருக்காரு!"

வீடே சிரித்தது. எனக்குக் காது எரிந்தது. அவர் சொன்னது உண்மை, அதுதான் எரிச்சல். பாதிக் காப்பியை வைத்துவிட்டு, ஷிப்டு இருக்கிறது என்று எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டும்போதுதான் மண்டையில் காற்றுப் பட்டது. தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த வாரம் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். நூல் அறுந்துகிடக்க, நான் வாசலைப் பார்த்து நிற்பேன். வெறுந்தலையோடு மில்லுக்குப் போனதை ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. அதுவும் கோபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு உபதேசியார் ஒரு பேப்பர் பொட்டலத்தோடு வந்தார். பிரிக்காமலே தெரிந்துவிட்டது. பொருளைத் திருப்பி அனுப்பினால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? மனசு விட்டுப்போயிற்று.

"பிரிச்சுத்தான் பாருமே" என்றார்.

கஞ்சி சுத்தமாகப் போயிருந்தது. வடிவம் குலையாதபடி உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தது. நாக்கைத் தடவினேன். ஊறிப்போன அட்டையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வெட்டிய துண்டை வைத்துப் பழைய தையல் ஓட்டையிலேயே தைத்திருந்தது.

"கம்பளிக்குக் கஞ்சி போட்ட மகராசி யாருன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"சொல்லிச்சு. கல்யாணத்தன்னைக்கு இது வேண்டாமாம்."

"கோயிலுக்குள்ள எப்படியும் கழத்தத்தானே..."

"வாசல்லயும் வேண்டாமாம். அங்கதான போட்டோ எடுப்பாங்க."

அந்தப் போட்டோ இப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கோயில் வாசல் வெயிலில் என் மண்டை மின்னுகிறது. பக்கத்தில் அவள், முக்காட்டுக்குள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.