பொன்னாயியின் ஒரு பிடி மண்

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊரில் மிளகுக் கொடி நடுவதென்றால் முதலில் பொன்னாயியைக் கூப்பிட வேண்டும். அவள் வராமல் யாரும் குழியில் கொடி இறக்க மாட்டார்கள். கைராசிக்காரி என்று பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. "ஏனுங்க, எனக்கு ஊட்டு வேலை இல்லீங்களா?" என்று அலுத்துக்கொள்வாள். மறுநாள் நாம் போவதற்கு முன்பே நம் தோட்டத்தில் நிற்பாள்.

வெறுங்கையோடு வர மாட்டாள். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும் கொடியின் அடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். குழிக்கு ஒரு பிடி போட்டு, கொடித்துண்டை ஊன்றி, "என் ஊட்டுல காய்ச்சாப்புல இங்கயும் காய்க்கோணும் சாமி" என்பாள். பிறகு ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான் அவள் கேட்பது.

நீளச் சரம் விடும் புது ரகம் மலைக்கு வந்தபோது எங்களுக்கெல்லாம் பேராசை பிடித்துக்கொண்டது. அதில் நானும் ஒருவன். சரம் ஒரு சாண் நீளம், மணி மணியாகப் பெரிய காய். பழைய சின்னக்காய்க் கொடியை வெட்டி எறிந்துவிட்டு, சில்வர் ஓக் மரத்திலெல்லாம் புதுக்கொடியை ஏற்றினோம். என் மனைவி பானுமதி மட்டும் பிடிவாதம் பிடித்து, பலா மரத்தடியில் ஒரு சின்னக்காய்க் கொடியை நட வைத்தாள். அதற்கும் பொன்னாயிதான் மண் போட்டாள்.

பொன்னாயியின் ஒரே மகள் கோகிலாவைச் செம்மேட்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தத் தோட்டத்திலும் அம்மா நட்ட கொடிகள்தான். மருமகன் தவறிப்போன பிறகு கோகிலாவுக்குச் சோறு போட்டது அந்தக் கொடிகளே.

பொன்னாயியின் தோட்டத்தில் மழைக்கு மழை ஒன்றிரண்டு கொடிகள் காய்ந்துகொண்டுதான் இருந்தன. காற்று சேரவில்லை என்றாள். அவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? போன ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. அவள் தோட்டம் முழுக்க மஞ்சளானது. பத்தே நாளில் இலை கொட்டி, கொடி கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. அடுத்து என் தோட்டம், அப்புறம் ஊரே, கடைசியில் கோகிலாவின் தோட்டம். அடித்தண்டைத் தொட்டால் கறுப்பாகக் குழைந்தது.

தோட்டக்கலை அலுவலர் பிலிப்பை நான்தான் அழைத்துவந்தேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் என் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொன்னாயியும் வந்து நின்றாள். பலா மரத்துக் கொடி மட்டும் பச்சையாக நிற்பதைக் காட்டி, "இது மட்டும் எப்படிங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"அது ரகத்தோட குணம்மா. நோய் மண்ணுல இருந்து அடித்தண்டுல ஏறும். பழைய கொடி மெதுவா வளரும், தண்டு கெட்டி. நோய் நுழைஞ்ச இடத்தை அடைச்சுக்கும். புதுசு வேகமா வளரும், காய் நிறைய தரும், ஆனா தண்டு இளசு. அடைக்கறதுக்குள்ள உள்ள போயிடும்."

"எல்லாத்துக்கும் ஒரே மண்ணைத்தானுங்க நான் போட்டேன்."

பிலிப் நிமிர்ந்தார். "எந்த மண்ணு?"

பொன்னாயி சொன்னாள். பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் குரல் இறங்கியது. பிலிப், "தெரியாம செஞ்சதும்மா. இனிமே ஒரு தோட்டத்து மண்ணை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று அவள் காபி குடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கெட்டி ரகத்தை வெட்டி எறிந்தது அவள் மட்டுமா? நாங்கள் எல்லோரும்தான். ஆனால் அதைச் சொல்லி அவளைத் தேற்ற முடியவில்லை. "கோகிலாளுக்கு நானே சொல்லோணுமுங்க" என்றாள்.

பொன்னாயி சொல்லாமலே மாதங்கள் ஓடின. ஆனி மாதம் கோகிலா மறுபடி நடத் துணிந்து அம்மாவைக் கூப்பிட்டாள். பிலிப் சொன்னபடி, என் பலா மரத்துக் கொடியில் தரையைத் தொடாமல் மேலே இருந்த தண்டுகளை நறுக்கி எடுத்துக்கொண்டு நானும் போனேன். கோகிலா புது இடத்தில் குழி வெட்டி வைத்திருந்தாள். பொன்னாயி வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா. மண்ணு எங்க?"

"கொண்டாரல கண்ணு. அந்த மண்ணாலதான் உன் கொடியெல்லாம் செத்துச்சு. நான்தான் கொண்டாந்து போட்டேன்."

கோகிலா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "அவரு போனப்பகூட, அம்மா வெச்ச கொடி இருக்குதுன்னுதாம்மா தைரியமா இருந்தேன்" என்றாள். திட்டியிருக்கலாம். பொன்னாயிக்கு அதுவே மேலாக இருந்திருக்கும்.

பிறகு என் கையிலிருந்த தண்டை வாங்கிக் கோகிலாவே குழியில் வைத்தாள். பழக்கதோஷத்தில் பொன்னாயியின் கை படலைத் தாண்டி நீண்டது. சட்டென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கோகிலா அதைப் பார்த்துவிட்டாள். கண் கலங்கிப்போய், "அங்க நின்னே சொல்லும்மா. எப்பவும் சொல்லுவியே, அதைச் சொல்லு" என்றாள்.

"என் ஊட்டுல..." என்று ஆரம்பித்தாள் பொன்னாயி.

அதற்குமேல் வரவில்லை. அவள் வீட்டில் ஒரு கொடிகூட இல்லை. கோகிலா தண்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் தானே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.