முள் மேலே ஏறிய திங்கட்கிழமை

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். நான் வைத்ததுதான். முகத்துக்கு நேரே அண்ணே என்பேன், முதுகுக்குப் பின்னால் மில்லிமீட்டர் என்பேன். அது அவருக்கும் தெரியும்.

நாங்கள் செய்வது தொட்டில் ஸ்பிரிங். கம்பி சுற்றுகிறவர்கள் ஒரு பக்கம், பெட்டியில் போட்டுக் கட்டுகிற நான் மறுபக்கம், நடுவில் அவருடைய சோதனைக் கம்பம். நூறு ஸ்பிரிங்குக்கு மூன்றை எடுத்து ஒவ்வொன்றாகக் கம்பத்தில் மாட்டுவார். ஸ்பிரிங்கின் கீழ் நுனியில் ஒரு முள், அதன் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஓர் அளவுகோல். ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவார், முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுவார். இரண்டு கிலோ, எழுதுவார். இப்படியே பதினைந்து வரை. பிறகு கற்களையெல்லாம் கழற்றிவிட்டு, முள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டதா என்று குனிந்து பார்ப்பார். அரை மில்லிமீட்டர் இறங்கி நின்றாலும் அந்த நூறும் திரும்பிப் போகும். சுற்றுகிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். "கொழந்த தூங்குற எடம்யா" என்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. சுருள்களை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருப்பதால் முதல் மூன்று கிலோவுக்கு அசையவே அசையாது. அதற்குப் பிறகுதான் கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஒழுங்காக இறங்கும். இந்தப் பிடிவாதம் ஸ்பிரிங்கிடமிருந்து மில்லிமீட்டருக்கு வந்ததா, மில்லிமீட்டரிடமிருந்து ஸ்பிரிங்குக்குப் போனதா என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அவருக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் அவர் பெற்ற மகள்தானே, மிதிக்கவில்லை. அவள் ஊருக்கு ஐந்து மணி நேர பஸ் பயணம். இரண்டு வருடமாக அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவி எங்கள் தெருதான், எனக்கு அண்ணி. ஞாயிறுதோறும் மகளோடு போனில் பேசுவார். அந்த நேரம் பார்த்து இவர் சொட்டுகிற குழாயை இறுக்கி மூடுவார், மின்விசிறியை நிறுத்துவார், வேர்த்து வழிய அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "காத்து ஒத்துக்கல" என்பார். அண்ணியும் லேசுப்பட்டவர் இல்லை. மகள் சொல்வதையெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்வார். "பொண்ணா! எவ்ளோ எடை? ரெண்டு கிலோ அறநூறா!"

மறுநாள் டீ நேரத்தில் மில்லிமீட்டர் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, சின்னக் கல்லு ரெண்டு குடு."

ஸ்பிரிங்கோடு போடுகிற ஆணிப் பொட்டலத்தை நிறுக்க என்னிடம் கிராம் கற்கள் உண்டு. ஐந்நூறையும் நூறையும் கொடுத்தேன். இரண்டு கிலோவோடு சேர்த்துத் தொங்கவிட்டார். முள் அசையவில்லை. அசையாது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டியது.

அடுத்த மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில் மூன்றரைக் கிலோ. முள் அரை சென்டிமீட்டர் இறங்கியது. முள்ளைத் தொட்டால் எங்களைக் கிழித்துத் தொங்கவிடுகிற மனுஷன், ஒற்றை விரலால் அதை மெல்லத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இரும்பைத் தடவிக்கொண்டிருக்க வேண்டுமா? பஸ் ஓடாத ஊரா அது? இதை அன்றே அண்ணியிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணி கேட்காமலே மகள் மாதாமாதம் கிராம் சுத்தமாக எடை சொல்ல ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் இப்படியே போனது. கெட்டது அவருடைய கைப்பழக்கத்தால். தொங்கவிட்ட எடை எதுவானாலும் எழுதியே தீர வேண்டும் அந்தக் கைக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிற தாளில் நடுவில் நாலு கிலோ நானூறு, ஐந்து கிலோ முன்னூறு என்று வரிகள் ஏறி, சரக்கோடு சேர்ந்து வெளியே போய்விட்டன. ஒரு நாள் சரக்கு வாங்குகிறவர்களின் ஆய்வாளர் அந்தத் தாள்களோடு வந்து நின்றார்.

"எல்லாம் கிலோ கிலோவா ஏறுது. நடுவுல இது என்ன கணக்கு? யாரோட எடை?"

முதலாளி மில்லிமீட்டரைப் பார்த்தார். பட்டறை முழுக்க மெஷின் நின்றுவிட்டது. அவர் குனிந்து எடைக்கற்களை அடுக்க ஆரம்பித்தார். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"அவரு பேத்தி எடைங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மட்டும் மெதுவாகக் கேட்டார். "தூக்கிப் பாத்தியா பேத்திய?"

"இல்ல" என்றார்.

அந்த ஆறு தாள்களின் சரக்கையும் வரவழைத்துத் தானே திரும்ப அளந்து கொடுத்தார். தாளில் இனி எழுதமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். ஆனால் கல் கேட்டு வருவது நிற்கவில்லை. கம்பத்தின் பலகையில், முள் நிற்கிற இடத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு பென்சில் கோடு போட்டுவைத்தார். ஆறு கிலோ எழுநூறு.

அடுத்த மாத ஞாயிறு அண்ணியின் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போதுதான் விட்டிருக்கிறது. எடையை மட்டும் மெதுவாகச் சொன்னாராம். அடுத்த அறைக்கு அதுவும் கேட்டுவிட்டது.

திங்கட்கிழமை ஒரே ஒரு கல் கேட்டார். இருநூறு. ஆறு கிலோவோடு மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். முள் இறங்கி வந்தது. பென்சில் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது.

அவர் ஸ்பிரிங்கை ஒரு தட்டு தட்டினார். ஆடி அடங்கி அதே இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"மேல ஏறிடுச்சு தங்கச்சி."

"காய்ச்சல்ல எளச்சிருக்கும் அண்ணே. தேறிடும்."

"அரை சென்டிமீட்டர்" என்றார். "நான் இங்க கல்லத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறேன்."

கற்களைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார். பதினெட்டு வருடத்தில் கம்பத்தில் எடையை விட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தான். நான்தான் கழற்றி வைத்தேன். முதலாளியிடமும் நானே சொன்னேன். மத்தியான பஸ்ஸில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

மற்றதெல்லாம் அண்ணி போனில் சொன்னது. பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மகள் கதவைத் திறந்தாள். இவர் வாசப்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டு கேட்டாராம்.

"மிதிக்கலாமா?"

மகள் தோளில் கிடந்த குழந்தையை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அது புதுமுகம் என்று அழவும் இல்லை, அவருடைய சட்டைப்பை பென்சிலைப் பிடித்து இழுத்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"எவ்ளோ இருக்காப்பா?"

குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாராம்.

"தெரியலம்மா" என்றாராம் எங்கள் மில்லிமீட்டர்.