பதினாறுக்கு மேலே

நம்பமாட்டேன் என்பவர்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் மோகனையே கேட்டுக்கொள்ளுங்கள். கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது 2009 கோடையில்.

மோகன் செல்போனில் பாட்டு ஏற்றித் தரும் கடை வைத்திருந்தான். நெட்டில் கிடைக்கும் பாட்டில் பாதி டூப்ளிகேட். மட்டமான பாட்டையே ஊதிப் பெரிதாக்கி, முதல் தரம் என்று காட்ட '320' என்று பேர் போட்டுவிடுவார்கள். மோகனிடம் அந்தப் பருப்பு வேகாது. பாட்டைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக விரித்துப் பார்ப்பான். டூப்ளிகேட் என்றால் பதினாறு என்ற எண்ணுக்கு மேலே வெறும் கறுப்பு. மட்டமாகச் சுருக்கும்போது உச்சியிலுள்ள கீச்சுச் சத்தமெல்லாம் வெட்டுப்பட்டுவிடும்; ஒருமுறை வெட்டுப்பட்ட சத்தம் திரும்ப வராது.

அவன் தங்கை சுதா காணாமல் போய் மூன்று வருஷம். அவள் பாடிய கும்மிப் பாட்டு ஒன்று பழைய செல்போனில் கரகரவென்று இருந்தது. யாராவது அடையாளம் சொல்லமாட்டார்களா என்று அதை நெட்டில் போட்டு வைத்திருந்தான்.

அன்று மத்தியானம் அதே பாட்டு, 320 என்று, வேறொரு இடத்தில் கிடைத்தது. எவனோ ஊதியிருக்கிறான் என்று எரிச்சலோடு இறக்கி விரித்தான்.

கறுப்பே இல்லை. உச்சி வரை கோடுகள்.

பழையதில் நடுவே பஸ் ஹாரன் கேட்கும். இதில் இல்லை. அப்படியென்றால்... புதிதாகப் பாடியிருக்கிறாள்!

வீட்டுக்கு ஓடினான்.

"சுதா உசுரோட கீறாம்மா."

அம்மா சொக்கம்மாள் அழுதேவிட்டாள். "ஒரிஜினல் தானாடா? நல்லா பாத்தியா?"

"ஒரிஜினல்மா."

மூன்று வருஷமாகப் பரணில் கிடந்த சுதாவின் தட்டை இறக்கித் துலக்கினாள்.

மோகன் கடைக்குத் திரும்பி ஹெட்போன் மாட்டினான். எந்த ஊரில் பாடினாள்? பின்னணிச் சத்தத்தில் ஏதாவது துப்புக் கிடைக்குமா?

சொட்... சொட்... தண்ணீர்.

வரிக்கு வரி மூச்சு வாங்கும் சத்தம் வரவேண்டும்.

வரவில்லை.

ஒரு மூச்சுகூட...

மோகன் சத்தத்தைக் கூட்டினான்.

பாட்டு முடிந்தது. பிறகு அதே குரல்...

"அண்ணா... மோட்டார் போட்டுட்டாங்களா?"

மறுநாள் ஊருக்கு வெளியே பாழுங்கிணற்றைத் தூர்வார மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். சேற்றில் எலும்புகளும் சுதாவின் கொலுசும் கிடந்தன. விழுந்து மூன்று வருஷம் இருக்கும் என்றார்கள் போலீஸ்காரர்கள்.

காரியம் முடிந்த அன்று அம்மா கடைக்கே வந்துவிட்டாள். "அந்தப் பாட்ட இன்னொரு வாட்டி பாருடா. டூப்ளிகேட்டா இருக்கப்போவுது."

அப்படிச் சொல்லிவிடத்தான் மோகனும் தவித்தான். மறுபடி விரித்தான்.

உச்சி வரை கோடுகள்.

"ஒரிஜினல்மா" என்றான்.